பாட்டியின் மாத்திரையும் புழுங்கல் அரிசி ஆய்வும்

கடந்த செமஸ்டர் விடுமுறையில் நான் செய்த ஒரு தவற்றை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

என் பாட்டிக்கு வயது 71. பல ஆண்டுகளாக இனிப்புநீர். காலையும் இரவும் மெட்ஃபோர்மின் மாத்திரை. ஜார்ஜ்டவுனில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள சுகாதார கிளினிக்கில் மூன்று மாதத்திற்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை. இதில் அவர் தவறியதே இல்லை.

ஒருநாள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பாகற்காய் மாத்திரை சர்க்கரையைக் குறைப்பது ஆய்வில் உறுதியாகி விட்டதாம். அத்தை உடனே என்னிடம் கேட்டார். "நீதான் ஃபார்மசி படிக்கிறியே, இது உண்மையான்னு பாரும்மா." நானும் பெருமையோடு கைப்பேசியில் தேடினேன். ஆங்கிலத்தில் ஒரு ஆய்வுக் கட்டுரை கிடைத்தது. அதன் தொடக்கத்தில் உள்ள பத்து வரிச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு, "ஆமாம் அத்தை, ஆய்வு இருக்கு" என்று பதில் போட்டேன்.

அடுத்த பரிசோதனையில் பாட்டியின் சர்க்கரை அளவு 7.2 இலிருந்து 13.8 ஆக ஏறியிருந்தது. தாதி கேட்டபோதுதான் உண்மை வெளியே வந்தது. பாட்டி காலை மாத்திரையை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாக யாரோ வாங்கிக் கொடுத்த பாகற்காய் மாத்திரையைப் போட்டு வந்திருக்கிறார். "என் பேத்திதான் சொன்னா, ஆய்வு இருக்குன்னு" என்றாராம்.

மாத்திரையை நிறுத்தச் சொல்லி நான் சொல்லவே இல்லை. ஆனால் "ஆய்வு இருக்கு" என்ற என் சொல்லை அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அன்று இரவு அந்தக் கட்டுரையை முழுமையாக அச்செடுத்து உட்கார்ந்தேன். முதல் எழுத்திலிருந்து கடைசி அட்டவணை வரை படித்தேன். படித்து முடித்ததும் வந்த முதல் கேள்வி இது: இதை வைத்துக்கொண்டு யார், என்ன முடிவெடுக்க முடியும்?

பாகற்காயின் எந்தப் பகுதி, சாறா பொடியா, ஒரு மாத்திரையில் எவ்வளவு என்ற விவரம் இல்லை. ஆய்வில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே வேறு மருந்து எடுத்தார்களா என்ற விவரம் இல்லை. தொடக்கத்தில் இருந்தவர்களின் எண்ணிக்கைக்கும் கடைசி அட்டவணையில் இருந்தவர்களின் எண்ணிக்கைக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. விலகியவர்கள் ஏன் விலகினார்கள்? மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா, பலன் இல்லையா? ஒரு வரிகூட இல்லை. அந்த ஆய்வு பொய் என்று என்னால் சொல்ல முடியாது. மெய் என்றும் சொல்ல முடியாது. சிக்கலே அதுதான்.

எழுதாமல் விட்டதற்கு ஒரு பட்டியல்

விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்கியதும் எங்கள் விரிவுரையாளர் ஒரு பணி கொடுத்தார். ஆளுக்கொரு மருத்துவ ஆய்வுக் கட்டுரையை எடுத்து, "கான்சார்ட்" பட்டியலோடு ஒப்பிட்டு மதிப்பிட வேண்டும். நான் வேறு எதையும் தேடவில்லை. அந்தப் பாகற்காய்க் கட்டுரையையே எடுத்தேன்.

கான்சார்ட் என்பது, ஒரு மருந்தையோ சிகிச்சையையோ மனிதர்களிடம் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வை எழுதும்போது எவற்றையெல்லாம் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று வகுத்துக் கொடுக்கும் பட்டியல். மருத்துவ ஆய்வாளர்களும் புள்ளியியலாளர்களும் இதழாசிரியர்களும் சேர்ந்து 1996இல் முதன்முதலில் இதை வெளியிட்டார்கள். 2001இலும் 2010இலும் திருத்தப்பட்டது. 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் 25 அம்சங்கள். 2025இல் வந்த புதிய பதிப்பில் 30.

யாரைச் சேர்த்தார்கள்? எப்படி இரு குழுவாகப் பிரித்தார்கள்? மருந்து எது, எவ்வளவு, எத்தனை நாள்? எதை அளக்கப்போவதாக முன்கூட்டியே முடிவு செய்தார்கள்? பக்கவிளைவு என்ன? பணம் கொடுத்தது யார்? இவைதான் அதன் சாரம். கூடவே ஒரு கட்டப் படமும் வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் எந்தக் குழுவுக்குப் போனார்கள், எத்தனை பேர் பாதியில் விலகினார்கள், கடைசியில் எத்தனை பேரைக் கணக்கில் எடுத்தார்கள் என்பதை ஒரே பார்வையில் காட்டும் படம். நம் வீட்டுத் திருமணத்தில் மொய்க் கணக்கு எழுதுவது போலத்தான். வந்த ஒவ்வொருவருக்கும் கணக்கு இருக்க வேண்டும்.

இதன் பின்னால் இருந்தவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் புள்ளியியலாளர் டக் ஆல்ட்மன். மருத்துவ ஆய்வுகளின் தரக்குறைவு ஓர் அவமானம் என்று 1994இலேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியவர் அவர். ஆய்வுகளின் எண்ணிக்கை குறையட்டும், தரம் உயரட்டும், சரியான காரணத்துக்காக ஆய்வு நடக்கட்டும் என்பதே அவர் கேட்டது. இப்படிப்பட்ட பட்டியல்களை ஒரே இடத்தில் திரட்டித் தரும் "ஈக்வேட்டர்" என்ற வலையமைப்பு உருவானதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 2018இல் அவர் காலமானார்.

எழுதாமல் விடுவது அப்படியென்ன பெரிய குற்றம் என்று நீங்கள் கேட்கலாம். 2008இல் வெளியான ஒரு கணக்கெடுப்பைப் பாருங்கள். மருத்துவர்களுக்குப் பயன்படும் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட 80 கட்டுரைகளில், விவரிக்கப்பட்ட சிகிச்சையை ஒரு மருத்துவர் அப்படியே செய்ய முடியுமா என்று பார்த்தார்கள். 41 கட்டுரைகளில் ஏதோ ஒரு முக்கிய விவரம் விடுபட்டிருந்தது. சமையல் குறிப்பில் உப்பும் நேரமும் இல்லாதது போல. ஆய்வுக்குப் போன பணமும், தங்கள் உடலைக் கொடுத்த நோயாளிகளின் நம்பிக்கையும் அந்த இடத்தில் வீணாகின்றன.

1905இல் கோலாலம்பூரில்

எனது மதிப்பீட்டை எழுதிக்கொண்டிருந்தபோது, ஒப்பிடுவதற்கு நன்றாக எழுதப்பட்ட ஒரு கட்டுரையையும் தேடச் சொன்னார் விரிவுரையாளர். "ரொம்பத் தூரம் போகாதே, நம்ம நாட்டிலேயே தேடு" என்றார். தேடிப் போனதில் கிடைத்தது பாட்டியின் சோற்றுப் பானைக்குள் இருந்த கதை.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் வீங்கும் அல்லது மரத்துப்போகும், நடக்க முடியாது, இதயம் பழுதாகி இறப்பு வரும். சீனத் தொழிலாளர்களை அது அதிகம் தாக்கியது. தோட்டத் தமிழர்களை அவ்வளவாகத் தாக்கவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராட்டன் இதைக் கவனித்தார். சீனர்கள் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. காரணம் அரிசியில்தான் இருக்கிறது என்றார் அவர். பலர் ஏற்கவில்லை. அது கிருமியால் வருகிறது என்பதே அப்போது பலரின் எண்ணம். நம் பினாங்கில் பிறந்து, பின்னாளில் மஞ்சூரியாவில் கொள்ளை நோயை அடக்கி உலகப் புகழ் பெற்ற டாக்டர் வூ லியென் தே கூட, 1903இல் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் பெரிபெரியை ஆராய்ந்தவர்தான்.

இந்த வாதத்தைத் தீர்க்க ஓர் ஒப்பீடு தேவைப்பட்டது. கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் அதைச் செய்தவர் டாக்டர் வில்லியம் ஃப்ளெட்சர். அவருடைய அறிக்கை 1907இல் "தி லான்செட்" இதழில் வந்தது. ஜேம்ஸ் லிண்ட் நூலகம் என்ற இணையத் தொகுப்பின் வழி அதைத் தேடிப் படித்தேன். படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

1905 டிசம்பர் 5ஆம் தேதி, நோயாளிகள் எல்லாரையும் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, இடப்புறத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணச் செய்தார்கள். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்க வார்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு வழக்கமான சயாம் வெள்ளை அரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்கள் மேற்குப் பக்க வார்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற உணவு இரு தரப்புக்கும் ஒன்றே. அடுத்த ஆண்டு இறுதி வரை இது தொடர்ந்தது.

வெள்ளை அரிசி உண்டவர்கள் 120 பேர். அவர்களில் பலருக்குப் பெரிபெரி வந்தது, 18 பேர் அதில் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்டவர்கள் 123 பேர். அவர்களில் நோய் கண்டவர்கள் இருவர் மட்டுமே. அந்த இருவரும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள் என்பதையும் அவர் மறக்காமல் எழுதியிருக்கிறார். இறப்பு ஒன்றுமில்லை.

இங்கே நான் கவனித்தது முடிவை மட்டுமல்ல, சொன்ன முறையையும். எந்த நாள், எங்கே நின்றார்கள், எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினார்கள், எந்த வார்டு என்று எல்லாம் இருக்கிறது. அதனால்தான் இருபது வயது மாணவியான நான் இன்று அதில் குறையும் காண முடிகிறது. ஒற்றை, இரட்டை என்று பிரிப்பது குலுக்கல் முறையைப் போல் பலமானது அல்ல. அடுத்த எண் எந்தக் குழுவுக்குப் போகும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும், வேண்டியவரை வேண்டிய இடத்தில் நிறுத்திவிடலாம். இன்னொன்று, அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதற்கு அனுமதி தராது. அந்த 18 பேரை நினைக்காமல் இந்த ஆய்வைப் புகழக்கூடாது. ஆனால் இந்தக் குறைகளை நான் சொல்ல முடிவதே அவர் நடந்ததை நடந்தபடி எழுதியதால்தான்.

முடிவுரையிலும் அவர் அவசரப்படவில்லை. தீட்டிய அரிசி நேராகவோ மறைமுகமாகவோ காரணம் என்றார். அதில் நஞ்சு இருக்கலாம், சத்துக் குறைவாக இருக்கலாம், அந்தக் குறைவால் உடல் தளர்ந்து கிருமிக்கு இடம் கொடுக்கலாம் என்று எல்லா வாய்ப்புகளையும் திறந்தே வைத்தார். அடுத்து வந்தவர்கள் அங்கிருந்து தொடர முடிந்தது. மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில் டுரியான் தீப்புஸ் காட்டில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடையே இதே ஒப்பீட்டைச் செய்து 1909இல் வெளியிட்டார்கள். முடிவு அதேதான். 1910இல் மணிலாவில் கூடிய கீழை நாட்டு மருத்துவர்கள், தீட்டிய வெள்ளை அரிசியே தொடர்ந்து உண்பதற்கும் பெரிபெரிக்கும் தொடர்பு உண்டு என்று தீர்மானம் போட்டார்கள்.

காரணம் நமக்கு இன்று தெரியும். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது, தவிட்டில் உள்ள பி1 வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. நம் பாட்டிமார் வைட்டமின் என்ற சொல்லையே கேட்டதில்லை. ஆனால் புழுங்கல் அரிசியை விட்டதில்லை.

சென்னையிலிருந்து இன்னொரு பாடம்

தமிழ்நாட்டிலும் இப்படி ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1956இல் சென்னையில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. காசநோயாளிகளைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்து, ஓய்வும் நல்ல உணவும் கொடுத்தால்தான் குணமாகும் என்பது அன்றைய நம்பிக்கை. ஏழைகளுக்கு அத்தனை படுக்கைக்கு எங்கே போவது? 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்தில், மறு பகுதியினர் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே. இருவருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள்.

வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த அந்த அறிக்கை 90 பக்கங்களுக்கு மேல் நீண்டது. சானடோரியம் சற்று முன்னிலையில் இருந்ததையும் அது மறைக்கவில்லை. நோயாளி மருந்தை உண்மையிலேயே விழுங்குகிறாரா என்று சிறுநீரைச் சோதித்த விவரம் முதல் எல்லாம் பதிவானது. காசநோய்க்கு வீட்டிலேயே சிகிச்சை என்ற வழியை உலகம் ஏற்றதற்கு இது ஒரு பெரிய காரணம். சும்மா "வீட்டுச் சிகிச்சை போதும்" என்று பத்து வரியில் சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்?

அப்படியானால் பாகற்காய்?

பாட்டியின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே. அதற்கும் நம் நாட்டிலேயே வேலை நடந்திருக்கிறது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டிச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்புக்காக, மலேசிய ஆய்வாளர்கள் பாகற்காய் பற்றிய ஆய்வுகளைத் தேடித் தொகுத்தார்கள். அதன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் தேறியவை நான்கே ஆய்வுகள், மொத்தம் 479 பேர். அவற்றில் இரண்டு மட்டுமே முழுக் கட்டுரையாக வெளிவந்தவை. பாகற்காய் இரண்டாம் வகை இனிப்புநீருக்கு உதவும் என்று பரிந்துரைக்கப் போதுமான சான்று இல்லை என்பதே அவர்களின் முடிவு.

கவனியுங்கள். பாகற்காய் பயனற்றது என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்வதற்குப் போதுமான தகவல் இல்லை என்கிறார்கள். ஒவ்வோர் ஆய்வும் தன் கதையை முழுதாகச் சொல்லியிருந்தால், அடுத்து வருபவர் அவற்றைக் கூட்டிப் பார்க்கலாம். அரைகுறையாகச் சொன்ன பத்து ஆய்வுகளைக் கூட்டினாலும் ஒரு முழு விடை கிடைக்காது.

மாணவர்களாகிய நாம் என்ன செய்யலாம்?

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்து, பிறகு மலாய் மொழி இடைநிலைப்பள்ளிக்குப் போனவள். பல்கலைக்கழகத்தில் பாடநூல் எல்லாம் ஆங்கிலம். என்னைப் போன்றவர்கள்தான் வீட்டில் ஆங்கிலச் செய்தியைத் தமிழில் சொல்லும் ஆள். அந்த இடத்தில் நாம் சொல்லும் "ஆய்வு இருக்கு" என்ற இரண்டு சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆகவே இனி எந்த ஆய்வுச் செய்தி வந்தாலும் பகிர்வதற்கு முன் ஐந்து கேள்விகளைக் கேட்கிறேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று, ஆய்வு மனிதர்களிடம் நடந்ததா, எலியிடமா, சோதனைக் குழாயிலா?

இரண்டு, எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனை பேர் முடித்தார்கள்? நடுவில் போனவர்களுக்குக் கணக்கு இருக்கிறதா?

மூன்று, எதனோடு ஒப்பிட்டார்கள்? யாரை எந்தக் குழுவில் போடுவது என்று எப்படி முடிவு செய்தார்கள்?

நான்கு, என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்று தெளிவாக இருக்கிறதா?

ஐந்து, செலவை ஏற்றது யார்?

இவற்றுக்குக் கட்டுரையில் பதில் இல்லையென்றால் வீட்டில் அப்படியே சொல்லிவிடுங்கள்: "இதை வைத்து மாத்திரையை மாற்ற முடியாது. டாக்டரைக் கேட்போம்."

இன்னொன்று. நம்மில் பலர் இறுதியாண்டில் சிறிய ஆய்வு செய்யப்போகிறோம். எதிர்பார்த்த விடை வராவிட்டால் அதை மறைக்கத் தோன்றும். வராத கேள்வித்தாள்களைக் கணக்கில் காட்டாமல் விடத் தோன்றும். என் குழுவிலும் அந்தப் பேச்சு வந்தது. அப்போது நான் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நின்றவர்களை நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் எத்தனை பேர் நின்றார்கள், என்ன உண்டார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்பது இன்றும் தெரிகிறது. அந்த மனிதர்களுக்குக் கொடுக்க முடிந்த குறைந்தபட்ச மரியாதை அது.

பாட்டி இப்போது பழையபடி காலையும் இரவும் மாத்திரை எடுக்கிறார். போன பரிசோதனையில் அளவு 7.9. பாகற்காயை விடவில்லை, பொரியலாகத் தட்டில் வருகிறது. சென்ற வாரம் அத்தை கைப்பேசியை நீட்டி, வெந்தயம் பற்றி ஏதோ ஆய்வு என்று சொல்லத் தொடங்கினார். நான் வாயைத் திறப்பதற்குள் பாட்டி கேட்டார்:

"எத்தனை பேருக்குக் குடுத்துப் பார்த்தாங்களாம்? அதுல பாதியில போனவங்க எத்தனை பேரு?"

அத்தையிடம் பதில் இல்லை. பாட்டி மெட்ஃபோர்மினைப் போட்டுத் தண்ணீர் குடித்தார்.